இழுக்கிற இன்ஜின்

அமெரிக்காவில் 'கேஸ்' என்றால் பெட்ரோல். கேசொலின் என்ற சொல்லை வெட்டிக் குறுக்கிய பேச்சு வழக்கு. நம்ம ஊரில் கேஸ் என்றால் சிலிண்டர், இல்லாவிட்டால் கோர்ட். ஆனால் மதராசிலும் 'கேஸ் வண்டி' ஓடிய ஒரு காலம் உண்டு. அந்த கேஸ் அடுப்புக்கரியிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தச் சொல் ஞாபகம் வரக் காரணம், டெக்சாசில் இருந்துகொண்டு எங்கள் டீமில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன். வார இறுதிகளில் குடும்பத்தோடு போய்த் தங்க, சக்கரம் வைத்த வீடு மாதிரியான டிராவல் டிரெய்லர் ஒன்றை வாங்கப் போகிறார். மூன்றரை டன் எடை. அதை இழுக்க ஒரு பிக்கப் வேண்டும். "தம்பி, நீ மெக்கானிக்கல் படிச்சவன்தானே. கேஸ் இன்ஜின் எடுக்கட்டுமா, டீசலா?" என்று கேட்டார். மெக்கானிக்கல் படித்துவிட்டு பதின்மூன்று வருஷமாக ஜாவா எழுதுகிறவனிடம் யாராவது இன்ஜின் பற்றிக் கேட்டால் விடுவானா? இரண்டு வாரம் அதிலேயே கிடந்தேன். அவர் பட்டியலில் இருந்த ஒரு ஃபோர்டு, 7.3 லிட்டர் வி8 பெட்ரோல் இன்ஜின் வைத்தது. 430 குதிரைச் சக்தி. எங்கள் கொடுங்கையூர் வழியாக நாற்பது டன்னோடு மணலிக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் பலவற்றின் இன்ஜின் இருநூறு குதிரைச் சக்தியைச் சுற்றித்தான் இருக்கும்.

மூன்றரை டன்னுக்கு 430, நாற்பது டன்னுக்கு 200. இதில் ஏதாவது ஒன்று அபத்தம் என்றுதான் முதலில் தோன்றும். ரெண்டுமே இல்லை. சமதளமான தார்ச் சாலையில் நாற்பது டன்னை மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் உருட்டிக்கொண்டே போக, காகிதக் கணக்கில் ஐம்பது குதிரைச் சக்திக்குள் போதும். கிளம்புவதும் மேம்பாலம் ஏறுவதும் வேறு கணக்கு, அதற்குத்தான் மீதி. டெக்சாஸ்காரர் மூன்றரை டன்னை நூறு கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில், எதிர்காற்றில், கொலராடோ மலைகளின் மீது கொண்டுபோக நினைக்கிறார். வேகத்தை யார் விலைக்கு வாங்குகிறார்கள் என்பதுதான் வித்தியாசம். இழுக்கிற இன்ஜினைத் தேர்ந்தெடுப்பது இயந்திரவியல் கேள்வி போலத் தெரியும். ஆனால் வண்டி வருஷத்துக்கு எவ்வளவு தூரம் ஓடும், எரிபொருள் காசு யார் பையிலிருந்து போகும் என்ற இரண்டு கேள்விகள்தான் பெரும்பாலும் அதை முடிவு செய்கின்றன. இதை நான் டெட்ராய்ட்டைப் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. செம்பியத்திலிருந்து எண்ணூர் வரைக்குமான பதினைந்து கிலோமீட்டருக்குள்ளேயே இந்தச் சரித்திரம் முழுக்கக் கிடக்கிறது.

டெட்ராய்ட்டில் இருந்து ஒரே ஒரு கதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1914இல் அங்கே ஒரு மரவியாபாரிக்குக் கோடை விடுமுறைக்குத் தன் படகை ஏரிக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தது. அவரிடம் இருந்தது ஒரு ஃபோர்டு மாடல் டி கார். இருபது குதிரைச் சக்தி பெட்ரோல் இன்ஜின். ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரிடம் போனார். அவர் முன்னால் சக்கரம் இல்லாத ஒரு வண்டியைச் செய்து, அதன் முன்பாரத்தைக் காரின் பின்பக்கம் தாங்கும்படி மாட்டிக் கொடுத்தார். படகு ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது. அதே மாதிரி வண்டி ஒன்று தன் மரக்கட்டைகளுக்கும் வேண்டும் என்று அந்த வியாபாரி திரும்பி வந்தார். செமி டிரெய்லர் என்ற வண்டி வகை பெரிய அளவில் பரவ அது ஒரு தொடக்கம். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்கிற அத்தனை டிரெய்லர்களின் தாத்தாக்களில் ஒருவர், லீவுக்குப் போன ஒரு படகு வண்டி. இழுத்தது பெட்ரோல்.

மதராசிலும் மோட்டார் பாரவண்டி முதலில் பெட்ரோலில்தான் ஓடியது. ஃபோர்டு கம்பெனி 1930இல் மதராசிலேயே வண்டிகளைக் கோக்க ஆரம்பித்தது. பெட்ரோல் பர்மாவிலிருந்து கடல் வழியாக வந்தது. துறைமுகத்திலிருந்து மூட்டைகளை இழுத்த வேலையில் பெரும்பங்கு அப்போதும் மாட்டு வண்டிக்கும் கைவண்டிக்கும்தான். லாரி என்பது வேகம் தேவைப்படுகிறவர்களின் செலவு. பெட்ரோலுக்கு வரியும் இருந்தது. ஜெயகர் குழுவின் பரிந்துரைப்படி 1929இலிருந்து சாலைகளுக்கென்றே தனியாக ஒரு பெட்ரோல் வரி வசூலானது. பெட்ரோலை அரசாங்கத்தின் உண்டியலாகப் பார்க்கும் பழக்கம் நம்மூரில் சுதந்திரத்தைவிட மூத்தது.

அப்புறம் போர் வந்தது. 1941இல் பெட்ரோலுக்கு ரேஷன். 1942இல் ரங்கூன் விழுந்தது. பர்மா எண்ணெய்க் கிணறுகளை ஜப்பானியர் கையில் கிடைக்கக் கூடாதென்று பிரிட்டிஷாரே அழித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். மதராஸ் பட்டணமே பாதி காலியான வருஷம் அது. ஓட்டியாக வேண்டிய வண்டிகள் கரிக்கு மாறின. வண்டியின் பின்னால் ஆள் உயர உருளை ஒன்று. அதில் அடுப்புக்கரியைப் போட்டு, போதுமான காற்று கொடுக்காமல் எரித்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதைக் குளிரவைத்து, வடிகட்டி, இன்ஜினுக்குள் விட வேண்டும். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ். நிறுவனம் இந்த கேஸ் பிளான்ட்டுகளைத் தயாரித்து விற்றது.

கேட்க சாமர்த்தியமாக இருக்கிறது. ஓட்டியவர்களுக்கு நரகம். அந்த வாயுவில் பாதிக்கு மேல் எரியவே எரியாத நைட்ரஜன். பெட்ரோலில் கிடைத்த சக்தியில் முப்பது, நாற்பது சதவீதம் அப்படியே போய்விடும். காலையில் கிளம்புவதற்கு முன் கிளீனர் பையன் ஊதுகுழாய்ச் சக்கரத்தைக் கை வலிக்கச் சுற்ற வேண்டும். வடிகட்டியைச் சுத்தம் செய்கிறவன் மூச்சில் சாம்பல், மூடிய ஷெட்டில் விஷவாயு. உலகத்திலேயே மிக மோசமான இழுவை இன்ஜின் இதுவாகத்தான் இருக்கும். ஆனாலும் சில வருஷங்கள் தமிழ்நாட்டுப் பஸ்களை அதுதான் ஓட்டியது. ஏனென்றால் கரி கிடைத்தது, பெட்ரோல் கிடைக்கவில்லை. சக்தி, டார்க், கியர் விகிதம் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் ஒரு கேள்வி இது: எது கிடைக்கும்?

போர் முடிந்ததும் ராணுவம் விட்டுப்போன அமெரிக்க, கனடா லாரிகள் ஏலத்துக்கு வந்தன. 'டிஸ்போசல்' வண்டிகள். ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ், ஜி.எம்.சி. என்று பெரும்பாலும் பெட்ரோல்தான். அவை மட்டமான வண்டிகள் இல்லை. ராணுவ ஃபோர்டில் இருந்த 3.9 லிட்டர் வி8 இன்ஜின் 95 குதிரைச் சக்தி கொடுத்தது. மலிவாகக் கிடைத்த வண்டி, பழகிய இன்ஜின். சுதந்திர இந்தியாவின் லாரித் தொழில் அந்தப் பாதையிலேயே போயிருக்கலாம்.

போகவில்லை. அந்தத் திருப்பத்தில் ஒரு பங்கு கொடுங்கையூருக்கு அடுத்த வீட்டில் நடந்தது. மூலக்கடையைத் தாண்டினால் செம்பியம். 1840இல் மதராசில் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி, எஸ். அனந்தராமகிருஷ்ணன் தலைமையில் 1950களின் தொடக்கத்தில் செம்பியத்தில் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்களைத் தயாரிக்க ஆரம்பித்தது. பி6 என்று பெயர். ஆறு சிலிண்டர், 4.73 லிட்டர், 83 குதிரைச் சக்தி. இங்கிலாந்தில் பீட்டர்பரோவில் ஃபிராங்க் பெர்கின்ஸ் 1937இல் கொண்டுவந்த இன்ஜின் அது. பெட்ரோல் லாரியின் இன்ஜினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்துவதற்கு அது பேர்போனது. கார்புரேட்டர், ஸ்பார்க் பிளக் எதுவும் இல்லை. காற்றைப் பதினாறு மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கும்.

எண்களைப் பாருங்கள். 95க்கு எதிராக 83. குதிரைச் சக்தியில் பெட்ரோல்தான் முந்தி. டார்க்கில் பெர்கின்ஸ் கொஞ்சம் முன்னால், ஆனால் ஊரே பேசும் அளவுக்கு இல்லை. 'டீசல்தான் இழுக்கும்' என்று நம் மெக்கானிக்குகள் சொல்வதில் பாதிதான் உண்மை. சக்கரத்துக்கு வேண்டிய முறுக்கைக் கியர் போட்டு எந்த இன்ஜினிலிருந்தும் எடுக்கலாம். அப்படியானால் ஏன் மாற்றினார்கள்? அந்தக் காலப் பெட்ரோல் இன்ஜின்கள் காற்றை ஆறு மடங்குதான் அழுத்தும். மெதுவாகப் போகும்போது காற்றுவழியை வேறு மூடிக்கொண்டு மூச்சுத் திணறும். அதே சரக்கு, அதே சாலை, ஒரு காலன் டீசல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கும் மேல் கொண்டுபோனது. விலையும் குறைவு. நாள் முழுக்க, வருஷம் முழுக்க ஓடும் வண்டிக்கு இன்ஜின் மாற்றிய கடன் சீக்கிரமே அடைந்துவிடும். அவ்ளோதான் விஷயம். லாரி முதலாளி குதிரைச் சக்தியை வாங்கவில்லை, மைலை வாங்கினார்.

வடக்கே எண்ணூரில் இன்னொரு கதை. ரகுநந்தன் சரண் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் அங்கே கோத்தது ஆஸ்டின் ஏ40 கார். குட்டிப் பெட்ரோல் கார். நாட்டுக்கு இப்போது கார் இல்லை, லாரிதான் வேண்டும் என்று சரண் நினைத்தார். இங்கிலாந்தின் லேலண்டோடு பேசினார். எண்ணூரில் முதலில் கோத்த நான்கு லேலண்ட் காமெட் வண்டிகள் மங்களூரில் ஒரு ஓட்டுத் தொழிற்சாலைக்குப் போயின. காமெட் 350 என்ற பெயரில் இருக்கும் 350 கன அங்குலக் கணக்கு, 5.7 லிட்டர் டீசல் இன்ஜின். சரண் விமான விபத்தில் இறந்துபோனார். கம்பெனி 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அதற்கு முன்பே, 1953இல், சுங்கவரி ஆணையம் ஒரு முடிவு சொல்லியிருந்தது: உள்நாட்டிலேயே படிப்படியாகத் தயாரிக்கிறவர்கள் மட்டும் இருக்கலாம், வெறுமனே கோத்து விற்கிறவர்கள் கிளம்பலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. அவர்களோடு அமெரிக்கப் பெட்ரோல் லாரி என்ற கிளையும் நம் மரத்திலிருந்து முறிந்தது. அமெரிக்காவில் பெட்ரோல் மலிவாகவே இருந்ததால் அங்கே அந்தக் கிளை வளர்ந்துகொண்டே போய், இன்று என் நண்பரின் 7.3 லிட்டரில் நிற்கிறது.

கொடுங்கையூருக்கு வடக்கே மணலி சுத்திகரிப்பு ஆலை 1969இல் ஓடத் தொடங்கியது, ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் திறனோடு. ஒரு பக்கம் டீசல் இன்ஜின் செய்கிறவர்கள், இன்னொரு பக்கம் டீசல் லாரி செய்கிறவர்கள், நடுவில் டீசலே. எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறைக்கே 'கம்பெனி வேலை' என்றால் இந்த மூன்றில் ஒன்று, இல்லாவிட்டால் இவற்றுக்கு நட்டு போல்ட்டு செய்து கொடுக்கும் லேத் பட்டறை.

1983இல் மதராஸ் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தார்கள். கன்டெய்னர் என்பதே ஒரு லாரி முதலாளியின் மூளை. மால்கம் மெக்லீன் 1956இல் ஐம்பத்தெட்டுப் பெட்டிகளை ஒரு பழைய எண்ணெய்க் கப்பலில் ஏற்றி நெவார்க்கிலிருந்து ஹூஸ்டன் அனுப்பினார். பெட்டி வந்ததும் சாதாரண லாரி போதவில்லை. படகு வண்டியின் பேரன் நம்ம ஊருக்கும் வந்தான். திருவொற்றியூர், மணலி, மாதவரம் என்று பெட்டி அடுக்கும் யார்டுகள் முளைத்தன. சாலை மட்டும் அதே அகலம்.

இங்கேதான் கணக்கில் வராத ஒரு விஷயம் உள்ளே வருகிறது. துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் ஆரம்பித்து எண்ணூர் விரைவுச் சாலையில் பின்னோக்கி நீளும் டிரெய்லர் வரிசையை வடசென்னைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மணிக்கணக்கில், சில காலங்களில் நாள்கணக்கில் நின்றிருக்கிறார்கள். டிரைவர் கீழே இறங்கி வண்டிக்கடியில் ஸ்டவ் வைத்துச் சமைப்பார். வரிசை பத்தடி நகரும். ஏறி ஓட்டி, மறுபடி இறங்குவார். பெட்ரோல் இன்ஜினைவிட டீசல் இன்ஜின் சும்மா நிற்கும்போது மிகக் குறைவாகவே குடிக்கும். அது டீசலின் பெருமைகளில் ஒன்று. அதனாலேயே யாரும் அணைப்பதில்லை. நிற்கிற நேரத்துக்கு முதலாளிக்குச் செலவு கொஞ்சம்தான். சாலையோரக் குப்பங்களில் தூங்குகிறவர்களுக்கு எவ்வளவு என்பதற்கு எந்த லாரிக் கம்பெனியின் விலைப்பட்டியலிலும் ஒரு வரி கிடையாது. டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் அறிவித்தது. அந்த வருஷம் சென்னையில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம். மானியம் கொடுத்து மலிவாக்கியிருந்தோம், விவசாயிக்காக, பஸ்ஸுக்காக, லாரிக்காக. காரணங்கள் பொய்யில்லை. ஆனால் அந்த மலிவில் ஒரு பங்கை நுரையீரலால் கட்டியவர்கள் இந்தச் சாலை ஓரத்துக்காரர்கள்.

டெக்சாஸ் அண்ணனுக்கு நான் கொடுத்த பதில் இந்தச் சரித்திரத்திலிருந்துதான் வந்தது. டீசல் பிக்கப்புக்கு அங்கே சுமார் பத்தாயிரம் டாலர் கூடுதல் விலை. அவர் டிரெய்லரை வருஷத்துக்கு மூன்று, நான்கு வாரம்தான் இழுப்பார். மீதி நாள் வண்டி காலியாகக் கடைக்குப் போய் வரும். அந்தப் பத்தாயிரத்தை மைலேஜில் திருப்பி எடுப்பதற்குள் அவர் பையன் கல்லூரி முடித்திருப்பான். கேஸ் இன்ஜினே எடுங்கள் என்றேன். மலை இறக்கத்தில் பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு சின்ன நன்மைகூட உண்டு: காலை எடுத்ததும் காற்றுவழி மூடிக்கொண்டு இன்ஜினே வண்டியைப் பிடிக்கும், டீசலில் அதற்குத் தனியாக எக்ஸாஸ்ட் பிரேக் வைக்க வேண்டும். இழுக்கும் எடையை மட்டும் பார்க்காதீர்கள், டிரெய்லரின் மூக்கு வண்டியின் முதுகில் அழுத்தும் பாரத்தையும் பாருங்கள், மொத்தத்தில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரும் என்றும் சொன்னேன். "அவ்ளோ தூரம் யோசிக்கணுமா?" என்றார். குழந்தைகள் பின்சீட்டில் இருப்பார்கள் அண்ணா, யோசிக்கத்தான் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் டீசல் வெறி எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு வேடிக்கை. அசோக் லேலண்டின் பல அச்சு லாரிக்கு 'டாரஸ்' என்று பெயர். தமிழ்நாட்டில் இன்று எந்தக் கம்பெனி பெரிய லாரியையும் 'டாரஸ் லாரி' என்றே சொல்கிறோம். அதே திருவொற்றியூர்-எண்ணூர்ச் சாலையில், 1955இலிருந்து புல்லட் செய்துவந்த என்ஃபீல்டும் 1990களில் ஒரு 'டாரஸ்' விற்றது. அது டீசல் மோட்டார் சைக்கிள்! 325 சி.சி., ஆறரைக் குதிரைச் சக்தி. வேகமும் கிடையாது, அதிர்வில் எலும்பு ஆடும். மைலேஜுக்காகவே வாங்கினார்கள், பின்னால் கட்டி ஏற்றாத சுமை இல்லை. புகைக்கட்டுப்பாடு வந்ததும் 2000 வாக்கில் நின்றுபோனது.

இப்போது சக்கரம் திரும்பிச் சுற்றுகிறது. டீசல் விலைக் கட்டுப்பாட்டை 2014 அக்டோபரில் எடுத்தார்கள். 2020 ஜூனில் டெல்லியில் டீசல் விலை பெட்ரோலையே தாண்டியது. அதே வருஷம் ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிகளால், டீசல் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளுக்கே ஒரு விலை ஆனது. பெரிய லாரிக்கு அது தாங்கும். சின்ன வண்டிக்குத் தாங்காது. 2005இல் இரண்டு சிலிண்டர் டீசலோடு வந்த டாடா ஏஸ், நம்ம குட்டி யானை, இப்போது பெட்ரோலிலும் கிடைக்கிறது. காய்கறி ஏற்றிக்கொண்டு ஒரு நாளைக்குக் கொஞ்ச தூரமே ஓடுகிறவருக்கு டெக்சாஸ் அண்ணனின் கணக்கேதான்.

இந்தக் கணக்கை எல்லோருக்கும் முன்பே போட்டுவிட்டவர்கள் காசிமேட்டுக்காரர்கள். மீன்பாடி வண்டியில் சுமை முன்னால், ஓட்டுகிறவர் பின்னால். அதனால் இழுக்கவில்லை, தள்ளுகிறது. மிதித்துக்கொண்டிருந்த மூன்று சக்கர வண்டியில் யாரோ ஒரு பழைய டூவீலர் இன்ஜினை மாட்டினார்கள். மீனுக்காக வந்தது இன்று கம்பி, பீரோ, தண்ணீர் கேன் என்று எதையும் ஏற்றும். பெட்ரோல்தான், டீசல் பேச்சே கிடையாது. புதுப்பேட்டையில் உடைத்த வண்டிகளின் இன்ஜின் கிடைக்கிற விலைக்கு டீசல் இன்ஜின் கிடைக்காது. ஒரு நாளைக்கு ராயபுரத்துக்கும் பிராட்வேக்கும் நாலு டிரிப் அடிக்கிறவருக்கு எரிபொருளைவிட முதலீடுதான் பாரம். நம்பர் பிளேட் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, சட்டப்படி அப்படி ஒரு வண்டியே இல்லை. உயர் நீதிமன்றம் இவற்றைத் தடுக்கச் சொன்னது. போலீஸ் அவ்வப்போது பிடிக்கும். இடித்தால் இடிபட்டவருக்கு நஷ்டஈடு வழியில்லை என்பதால் அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது.

பிடித்துக்கொண்டு போனால் வண்டி போய்விடும். திரும்ப ஒன்று கட்ட அவர் மறுபடி புதுப்பேட்டைக்குத்தான் போக வேண்டும். மூலக்கடைப் பக்கம் ஒருவர் வெல்டிங் கடை வாசலில் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். என்ன இன்ஜின் என்று கேட்டேன். "எது கெடச்சுதோ அது, சார்" என்றார்.